எடுத்துருங்க

தேவாரம் ரோட்டுப் பிரிவில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் ஷெரின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சகாய பிரவீன் வண்டியை ஓரங்கட்டினான். பின்னால் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் ஒன்றைக் கட்டியிருந்தான். மலையடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியது. சுருள் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். கல்யாணத்தன்று எடுத்த படம். அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவன் அவசரக்காரன் போல. அவள் காதுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அது பிரவீனுடைய கோட்டின் தோள்.

தலைக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தார்கள். கீழே, 'கருவிலிருந்த மகவுக்காகத் தன்னுயிர் ஈந்த வீரத்தாய்' என்று சிவப்பு எழுத்து. அதற்கும் கீழே மேற்கோள் குறி போட்டு, 'என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே' என்றும், அதுவே அவளுடைய இறுதி வார்த்தை என்றும் இருந்தது. உயிர் காப்போம் பேரியக்கத்தின் மாவட்ட மாநாடு, தேனியில், அனைவரும் வருக. வலது மூலையில் வழக்கறிஞர் ஜெபமணி கைகூப்பி நின்றார். ஷெரினைவிடப் பெரிதாக இருந்தார். தேர்தல் வருகிறது, எந்தக் கட்சி சீட்டுக் கொடுக்கும் என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை என்று ஊரில் பேச்சு.

எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்த இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பிள்ள எந்தக் கட்சி?"

"வக்கீலு பக்கத்துல நிக்கிதுல்ல, அவரு ஆளாத்தான் இருக்கும். முகம் களையா இருக்கு. நின்னா ஜெயிச்சிரும்."

கடைக்காரர் பலவேசம் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஏலே, வாயப் பொத்திக்கிட்டு டீயக் குடிங்க. அந்தப் பிள்ள செத்துப்போச்சு. அந்தா வண்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருல்ல, அவரு சம்சாரம்."

இருவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பிரவீன் அவர்களுக்குத் தலையசைத்தான். கோபம் வரவில்லை. ஷெரின் போன பிறகு எது வந்தாலும் தோலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. வண்டியை எடுத்தான். தோட்டத்தில் குழாயை இறக்கும்வரை 'ஜெயிச்சிரும்' என்ற சொல் மட்டும் காதில் இருந்தது.

ஷெரின் பேசினால் வார்த்தையில் பாதியை முழுங்கிவிடுவாள். அவள் அப்பா அந்தோணிமுத்து சவேரியார்பட்டி மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போதுகூட மகளின் உச்சரிப்பைத் திருத்துவார். அதனாலேயே அவள் வேண்டுமென்று இன்னும் முழுங்குவாள். அவளுக்குக் கோயில் தமிழ் ஒரு விளையாட்டு. ஜெபத்தில் வருகிற 'உம்'மை எடுத்து வீட்டுக்குள் விடுவாள். "பிரவீன் அவர்களே, எனக்கு ஒரு காப்பி போட்டுத் தாரும். சீனி குறைத்துப் போடும்." அவன் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினால், "உம்மை ஆசீர்வதித்தோம், போம்" என்பாள்.

கோயிலுக்கு வெளியே அவள் 'உம்' போட்டது அந்த விளையாட்டில் மட்டும்தான்.

ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்தது. கிராம நர்ஸ் விஜி வந்து பார்த்துவிட்டு, நேராகத் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், வேறு எங்கும் நிற்க வேண்டாம் என்றாள். நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது அங்கே எதற்கு என்றார் அந்தோணிமுத்து. சவேரியார்பட்டியில் எல்லாமே நம்மதான். நம்ம கோயில், நம்ம பள்ளிக்கூடம், நம்ம ஆஸ்பத்திரி. பிரவீன் பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில், படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில். அந்த 'நம்ம'வுக்கு வெளியே நின்று யோசிக்க அவனுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ஒரு கன்னியாஸ்திரீ, எல்லாருக்கும் சிஸ்டர். நல்ல கைராசிக்காரி என்று பெயர். பிள்ளை தங்காது என்பதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் துடிப்பு இருக்கிறது. துடிப்பு இருக்கையில் நாங்கள் கை வைப்பதில்லை, துடிப்பு தானாக நிற்கட்டும், ஜெபியுங்கள் என்றார். காய்ச்சல் ஏறியது. தேனிக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிரவீன் கேட்டான். அசைத்தால் ஆபத்து, காலையில் பார்க்கலாம் என்றார்கள். விடிந்தபோது ஷெரினின் உதடு வெளுத்திருந்தது. அவள் சிஸ்டரின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துருங்க சிஸ்டர்."

சிஸ்டர் அந்தோணிமுத்துவைப் பார்த்தார். பிரவீனைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார்.

"எடுத்துருங்க," என்றாள் மறுபடியும். அப்புறம் கையை விட்டுவிட்டாள். பிரவீன் யாரையும் கேட்காமல் வெளியே போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். தேனி போய்ச் சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. போய்ச் சேர்ந்தபின் திறக்க முடியவில்லை.

கடைசி வார்த்தை அதுதான். அதில் ஃபிளெக்ஸ்காரர்கள் தப்புச் சொல்லவில்லை.

தோட்டத்திலிருந்து நேராக மாமனார் வீட்டுக்குப் போனான். அந்தோணிமுத்து மாநாட்டு வேன்களுக்கு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் அவர்தான் துணைத்தலைவர். மாப்பிள்ளையைக் கண்டதும் போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தை மதலேனாள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

அவன் கேட்பதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இத்தனை காலமும் மாதாவைக் கும்பிடலாமா கூடாதா என்று ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காமல் இருந்த சபைகள் கருவைக் கலைக்கக் கூடாது என்ற இந்த ஒரு காரியத்தில் ஒன்றாகிவிட்டன. மாநாட்டில் அரசுக்கு மனுக் கொடுக்கப் போகிறார்கள். யார் அந்த மனுவுக்குத் துணை நிற்கிறாரோ அவருக்குத்தான் மாவட்டத்துக் கிறிஸ்தவ ஓட்டு. பக்கத்துப் பங்குகளிலும் ஷெரின் பேருக்குப் பூசை வைக்கிறார்கள். கல்லறைக்குக் கருங்கல்லும் வெட்டியாகிவிட்டது, ஜெபமணியின் உபயம். கல்லறைத் திருநாளுக்குள் நட்டுவிடலாம். ஃபிளெக்ஸில் உள்ள அதே வாசகம்தான் கல்லிலும்.

"அவ அதச் சொல்லல மாமா."

"எதச் சொல்லல?"

"எடுத்துக்கொள்ளும்னு சொல்லல. எடுத்துருங்கன்னு சொன்னா."

அந்தோணிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "அது பேச்சு வழக்கு மாப்ள. ஊருக்கு முன்னால எழுதும்போது எழுத்து வழக்குலதான் எழுதணும். நான் மாத்தி எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"எடுத்துருங்கன்னா எழுத்துல எடுத்துவிடுங்கள். எனக்கு ஆறாம் வகுப்புல நீங்கதான் நடத்துனீக."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. மதலேனாள் அசையவில்லை.

"சிஸ்டரப் பாத்துத்தான் சொன்னா. ஆண்டவரப் பாத்து இல்ல. நீங்க பக்கத்துலதான் நின்னீக."

"நின்னேன்," என்றார் அந்தோணிமுத்து. குரல் இறங்கிவிட்டது. "நின்னேன் மாப்ள. அதுக்கு என்னய என்ன செய்யச் சொல்றீக? எம் மக சும்மா செத்துப்போனான்னு சொல்லவா? இன்னைக்கு அவ பேரச் சொன்னா ஊரே எந்திரிச்சு நிக்கிது. நீங்க சொல்றத நான் ஒத்துக்கிட்டா, அந்த ரூம்ல நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு ஆயிரும். அத வச்சுக்கிட்டு நான் எப்பிடிப் பூசையில நன்மை வாங்கி நாக்குல வைக்கப் போறது?"

பிரவீன் எழுந்துவிட்டான். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். மாநாட்டில் நீங்கள் ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதும், புருஷன் வாயால் வந்தால் அதற்குத் தனி மதிப்பு என்றார். சற்று முன் பேசியது எதுவும் நடக்காதது போலத்தான் கேட்டார். பிரவீன் வண்டியை எடுத்தான்.

மறுநாள் விஜி அவன் கடைக்கே வந்தாள். கடை உத்தமபாளையத்தில். வால்வு வாங்க வந்தவள்போல நின்று, மற்ற ஆட்கள் போனபின் பேசினாள். மனுவில் இரண்டு கோரிக்கை. ஒன்று, மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிகளில் இனிமேல் கருவை எடுக்கிற வேலையே கூடாது. தாயைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் எல்லாக் கொலையும் நடக்கிறதாம், அதனால் அதற்கும் விலக்குக் கிடையாது. இரண்டு, பெண்களுக்குத் தப்பான வழி காட்டும் கிராம நர்ஸை மாற்ற வேண்டும்.

"ரெண்டாவது எனக்குப் பெருசில்ல தம்பி. எங்க போட்டாலும் ஊசிதான் போடப்போறேன். மொத விசயந்தான். மனு உங்க சம்சாரம் பேருலதான் ஆரம்பிக்குது. நாளைக்கு இன்னொரு பிள்ளைக்குப் பனிக்குடம் ஒடஞ்சா, இங்கன ஒருத்தரும் தொட மாட்டாக. அந்தப் பிள்ளையும் தேனி ரோட்டுலயே போயிரும்."

ஒரு வால்வையும் வாங்கிக்கொண்டுதான் போனாள். வேண்டாம் என்று அவன் சொல்லியும் கேட்கவில்லை.

சாயங்காலம் பிரவீன் மாமனாருக்குப் போன் செய்தான். மேடையில் பேசுகிறேன் என்றான். ஆண்டவர் உங்கள் மனதைத் தொட்டுவிட்டார் என்றார் அந்தோணிமுத்து. ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கில் சொன்னதை யாரும் திருத்தி எழுத முடியாது என்று பிரவீன் நினைத்தான்.

தேனியில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். மிஷன் பள்ளிப் பிள்ளைகளைச் சீருடையிலேயே வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு ஷெரின். படத்தில் இப்போது கறுப்புத் தோளும் இல்லை, யாரோ சரிசெய்துவிட்டார்கள். வெள்ளை அங்கிகள் ஒரு பக்கம், டை கட்டிய போதகர்கள் ஒரு பக்கம். நடுவில் ஆளுங்கட்சியிலிருந்து வந்த மாவட்டப் பொறுப்பாளர் விஜய்ராஜ், நெற்றியில் திருநீறோடு, போனை நோண்டிக்கொண்டிருந்தார். குச்சனூர் சனீஸ்வரனை முடித்துவிட்டு அப்படியே வந்திருக்கிறாராம். பிரவீனை அறிமுகப்படுத்தியபோது எழுந்து கை கொடுத்தார். "அந்தப் பிள்ளையோட வீட்டுக்காரரா? நல்லாப் பேசுங்க. சுருக்கமா."

ஜெபமணி அரைமணி நேரம் பேசினார். தியாகம் என்ற சொல்லை அவர் இழுத்தபோதெல்லாம் கீபோர்டுக்காரர் கூடவே இழுத்தார். பிறகு, "இதோ, அந்த அறையில் நின்ற சாட்சி," என்று மைக்கைப் பிரவீன் கையில் கொடுத்தார். இன்னொரு மைக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் அந்தோணிமுத்து கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மதலேனாள் முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தாள். பிரவீன் எழுதிப் பழகிய கணக்கைப் போலச் சொன்னான்.

"என் மனைவி ஷெரின். பனிக்குடம் ஒடஞ்சு காய்ச்சல் வந்துச்சு. பிள்ள தங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாக. அவ டாக்டரப் பிடிச்சுக்கிட்டு, எடுத்துருங்கன்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. எடுக்கல."

சொல்லியாகிவிட்டது என்று நினைத்தான். மூச்சு ஒன்று உள்ளே போனது.

"கேட்டீர்களா?" என்றது ஜெபமணியின் மைக். குரல் தழுதழுத்தது. "ஒருமுறை அல்ல, இருமுறை. மருத்துவரின் கையைப் பற்றியவாறே நம் சகோதரி சொல்கிறார்: எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும். சொல்லுங்கள் ஆமென்."

ஆமென் என்றது பந்தல். அது பந்தல் துணியில் மோதித் திரும்பி வந்தது. முன்வரிசை, பின்வரிசை, சீருடைப் பிள்ளைகள், எல்லாரும் சொன்னார்கள். சிலர் அழுதார்கள்.

"ஆண்டவர்ட்ட இல்ல. டாக்டர்ட்டத்தான் சொன்னா," என்றான் பிரவீன். அது அவனுக்கே கேட்கவில்லை. மைக்கில் எரிந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பாடற்குழு பாட ஆரம்பித்துவிட்டது. ஜெபமணி அவனைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சென்ட் வாசனை. காதருகில் குனிந்து மெதுவாக, பாசமாகவே சொன்னார்.

"போதும் தம்பி. அழுதுருவீக."

அவனை அணைத்தபடியே மனுவை விஜய்ராஜிடம் நீட்டினார். படம் எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் பிரவீனும் இருந்தான், மனுவுக்கு வலது பக்கத்தில்.

மேடையை விட்டு இறங்கியபோது பெண்கள் வரிசையாக வந்து அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீலச் சேலை கட்டிய ஒரு பெண்ணுக்கு வயிறு லேசாகத் தெரிந்தது. பொம்பளப் பிள்ளை பிறந்தால் ஷெரின் என்றுதான் பேர் வைப்பேன் என்றாள்.

"எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீக?"

"நம்ம ஆஸ்பத்திரிதாண்ணே."

"அங்கன போகாதீக. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

அவள் சிரித்தாள். துக்கத்தில் மனுஷர் ஏதாவது சொல்வார்கள், அதற்கு இப்படித்தான் சிரிக்க வேண்டும் என்பது போன்ற சிரிப்பு. பின்னால் நின்ற அவள் அம்மா, பாவம் விடு, பஸ் போயிரும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விஜிக்கு மாறுதல் வந்துவிட்டது. வருஷநாட்டுப் பக்கம் எங்கேயோ. போகிற அன்று கடையைத் தாண்டித்தான் பஸ் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கை காட்டினாளா, கம்பியைப் பிடித்தாளா என்று தெரியவில்லை. முதல் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம். அதற்குள்ளாகவே இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் யாரும் தொடுவதில்லை, எல்லாரையும் தேனிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஊரே புல் பிடுங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வாடை, சாமந்தி, மெழுகு. எப்போதும்போலப் பிள்ளைகள் அடுத்தவர் கல்லறையில் உருகிய மெழுகைச் சுரண்டி உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஷெரினின் கல் வாசலுக்கு நேரே, முதல் வரிசையில் நின்றது. பழைய கல்லறைகளுக்கு முன்னால் அவளுக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். கருங்கல் கண்ணாடிபோல மினுங்கியது. எழுத்துக்குத் தங்க வர்ணம். 'எடுத்துக்கொள்ளும்'. அதில் 'உம்' நன்றாக ஆழமாக இறங்கியிருந்தது.

மதலேனாள் மண்டிபோட்டுப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்குவதற்கு அங்கே புல் அதிகமில்லை. பிரவீன் பக்கத்தில் குத்துக்காலிட்டான். அந்தோணிமுத்து வாசலில் பங்குச்சாமிக்காகக் காத்திருந்தார்.

"அன்னைக்கு மேடையில சொன்னீகள்ல மாப்ள," என்றாள். கை நிற்கவில்லை. "அவ சொன்னத."

"ஆமா அத்தை."

"எனக்கும் அப்பிடித்தான் கேட்டுச்சு. அந்த ரூமுக்கு வெளிய, திரைக்கு அங்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

பிரவீன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை மாதமும் அந்த அறையில் மூன்று பேர் மட்டுமே கேட்டதாக நினைத்திருந்தான். ஒருத்தர் திருத்தி எழுதிவிட்டார். ஒருத்தர் எதுவும் சொல்ல மாட்டார். மிச்சம் தான் ஒருவன் என்று நினைத்திருந்தான். இப்போது நான்காவதாக ஒருத்தி. சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தான். வெகு நாட்களுக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது.

மதலேனாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"பந்தல்ல எல்லாரும் ஆமென்னாக. நானும் ஆமென்னுதான் சொன்னேன் மாப்ள."

சாமியார் வந்துவிட்டார். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள். ஊர் கூடி நின்றது. தாயே, தியாகத்தின் சுடரே என்று யாரோ புதிதாக எழுதிய ஜெபத்தை வாசித்தார்கள்.

பிரவீனின் கையில் மெழுகுவர்த்தி இருந்தது. அவன் கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அந்தப் பக்கத்தை யாரும் மெருகு போடவில்லை. உளி பட்ட தழும்போடு சொரசொரவென்று இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்தியை ஈர மண்ணில் அழுத்தி நட்டான். மலைக்காற்றில் இரண்டு முறை அணைந்து, மூன்றாவது குச்சிக்குப் பிடித்துக்கொண்டது.

"எடுத்துருங்க," என்றான், உதட்டுக்குள். அவளைப் போலவே பாதியை முழுங்கிச் சொல்லிப் பார்த்தான்.

முன்பக்கம் ஆமென் என்றார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது கல்லின் முகத்தில் பட்டு வழிந்தது. இந்தப் பக்கம் ஒரு துளியும் வரவில்லை.